பன்னிரண்டு நாள் வகுப்பில் ஓர் இடம்

அந்தப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்ற எண்ணமே எனக்குப் பொறாமையில்தான் முளைத்தது. 2003ஆம் வருஷம். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பாலிடெக்னிக்கில் எனக்கு இரண்டு வருஷம் பின்னால் படித்தவன் ஒருவன் அதே கடையில் கொஞ்ச காலம் என்னோடு இருந்துவிட்டுப் பெங்களூருக்குப் போயிருந்தான். ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவன் கடைக்குள் ஏறி வந்தான். லீவு நாளில் கூடக் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

"அண்ணே, இன்னும் இங்கியேதான் இருக்கீங்களா?" என்றான். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குச் சாதாரணமாகப் படவில்லை.

எப்படி வேலை கிடைத்தது என்று கேட்டேன். நெட்வொர்க்கிங்கில் ஒரு சர்டிபிகேட் வாங்கினானாம். ரூட்டர் என்ற பெட்டியை, அதாவது ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலை வழி பார்த்து அனுப்பும் பெட்டியை, அமைக்கத் தெரியுமா என்று பார்க்கும் பரீட்சை அது. "நீங்க எழுதுனா ஈசியா பாஸ் பண்ணிடுவீங்கண்ணே. வேலை எல்லாம் உங்ககிட்ட பாத்ததுதான்" என்றான். அந்தப் பாராட்டு அட்டையைவிட அதிகமாக உறுத்தியது.

அப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைச் சுற்றி, வெளிநாட்டுக்காரர்களுக்காக பிரௌசிங் சென்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் திறந்துகொண்டிருந்தார்கள். அவற்றில் பாதிக்கு மேல் நான் கேபிள் இழுத்தவை. கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளையும் நிறம் பார்த்து வரிசையாகச் சேர்த்து, முனையில் பிளாஸ்டிக் செருகியை மாட்டி நெறித்துவிடும் வேலை கண்ணை மூடிக்கொண்டே வரும். ஆனால் ஒரு கம்ப்யூட்டருக்கு ஏன் இந்த எண்ணைக் கொடுக்கிறோம், அந்த எண்ணைக் கொடுத்தால் ஏன் வேலை செய்வதில்லை என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. போன இடத்தில் எது ஓடியதோ அதையே அடுத்த இடத்திலும் போடுவேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக வந்த வீடுகளில் ஒன்றின் மாடியில் நானும் என் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருஷம். அவள் போளூர்ப் பக்கம் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பெண். தினமும் பஸ்ஸில் வந்து போய் பி.எஸ்ஸி. கணிதம் முடித்தவள். சாயங்காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் படிக்கப் போகிறேன் என்றதும் என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம்.

சென்னைக்குப் போய் மூன்று இடங்களில் விசாரித்துவிட்டு வந்தேன். ஒன்றில் ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். இன்னொன்றில் மூன்று மாதம், தினமும் காலையில். மூன்றாவது பன்னிரண்டே நாள். காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழு வரை உட்கார வைத்து, பதின்மூன்றாம் நாள் பரீட்சைக்கு அனுப்பிவிடுவார்கள். வழவழப்பான தாளில் அச்சடித்த விளம்பரங்களைத் தரையில் பரப்பி, ஏதோ பெரிய காரியம் முடித்து வந்தவனைப் போல விவரித்தேன். அவள் ஒவ்வொன்றையும் எடுத்துப் படித்தாள்.

"ஒரு ரூட்டருக்கு எத்தினி பேருனு கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

"நெஜ ரூட்டரா, இல்ல கம்ப்யூட்டர்லயே பொம்ம மாதிரி காட்றதா?"

அதையும் கேட்கவில்லை. நான் வேலை செய்கிற துறை. அவள் ரூட்டரைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் பதினோரு கேள்விகள் எழுதிக் கொடுத்தாள். அதைப் பையில் வைத்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மூன்று இடங்களுக்கும் போன் செய்தேன். முதல் இடத்தில், "நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்" என்றார்கள். இரண்டாவதில் பாதிக் கேள்வியிலேயே பேச்சை மாற்றினார்கள். பன்னிரண்டு நாள் வகுப்பு நடத்தும் இடத்தில் பயிற்சியாளரே போனை எடுத்தார். எட்டுப் பேர், நான்கு ரூட்டர், எல்லாம் நிஜம், பரீட்சையில் தோற்றால் அடுத்த வகுப்பில் மறுபடி வந்து உட்காரலாம் என்று ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். கடைசியில், "இவ்ளோ தெளிவா யாருமே கேட்டதில்ல சார்" என்றார்.

"தேங்க்ஸ் சார்" என்றேன். வீட்டுக்கு வந்து எல்லாப் பதில்களையும் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை.

அந்த வகுப்பில் யார் வேண்டுமானாலும் சேர முடியாது. பன்னிரண்டு நாளில் அடிப்படையெல்லாம் சொல்லித்தர நேரமில்லை என்பதால் முன்கூட்டியே ஒரு தேர்வு வைத்தார்கள். ஐம்பதுக்கு முப்பத்தைந்து மார்க்காவது எடுக்க வேண்டும். என்னென்ன படித்துக்கொண்டு வர வேண்டும் என்று தபாலில் ஒரு பட்டியலும் வந்தது. பாடப் புத்தகம் தலையணை அளவுக்கு இருந்தது, முழுக்க இங்கிலீஷ். ஆறு வாரம் அவகாசம்.

தினமும் காலையில் இரண்டு மணி நேரம் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். அவள் சமையலுக்கு உட்கார்ந்தபடியே புத்தகத்தின் அத்தியாயக் கடைசியில் இருக்கும் கேள்விகளைப் படித்துக் கேட்பாள். நான் பதில் சொல்ல வேண்டும். முதல் வாரம் நன்றாகத்தான் போயிற்று. கேபிள் வகைகள், எத்தனை மீட்டர் வரை இழுக்கலாம், எந்தப் பெட்டி என்ன செய்யும் என்பதெல்லாம் எனக்குப் பழகிய விஷயம். அவளுக்குப் புரியாததை நான் விளக்கினேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அந்த ஒரு வாரம்தான் நான் அவளுக்கு வாத்தியாராக இருந்தேன்.

இரண்டாவது வாரம் முகவரி எண்களைப் பிரிக்கும் கணக்கு வந்தது. ஒரு நெட்வொர்க்கில் இருக்கும் முகவரிகளைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிப்பது. ஒரு பெரிய மனையைத் தெருத் தெருவாக வெட்டுகிற மாதிரி. எந்த எண் எந்தத் தெருவில் வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் ஒன்றும் பூஜ்யமுமாக ஒரு பக்கம் முழுக்க எழுதி, அடித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். அவள் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அறுபத்தி நாலுலருந்து தொண்ணூத்தஞ்சு வரைக்கும் ஒரு தெரு. எழுவத்தேழு அதுலதான் வருது" என்றாள்.

"பின்னாடி விடைய பாத்துட்டு சொல்ற."

"புக்கு உங்க மடியிலதாங்க இருக்கு."

இருந்தது. விடையைத் திருப்பிப் பார்த்தேன். சரி. அடுத்த கேள்வியைப் படித்தேன். நான் பென்சிலை எடுப்பதற்குள் சொல்லிவிட்டாள். அதற்கடுத்ததும் அப்படியே.

"எப்டி சொல்ற?"

"கணக்குல மாஸ்க்குனு நாலு நம்பர் குடுத்திருக்கில்ல, அதுல கடசி நம்பர எரநூத்தி அம்பத்தாறுலருந்து கழிச்சிடுங்க. மிச்சம் எவ்ளோவோ ஒரு தெரு அவ்ளோ நீளம். அப்புறம் வாய்ப்பாடுதான். நீங்க எதுக்கு இவ்ளோ எழுதறீங்க?"

அவள் கேலி செய்யவில்லை. டியூஷன் பிள்ளைகளிடம் பேசுகிற அதே நிதானமான குரலில்தான் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது. அந்தப் பக்கத்தோடு நான் நான்கு நாள் மல்லுக்கட்டியிருந்தேன். நான் பத்து வருஷமாக இருக்கும் துறைக்குள் அவள் அவரைக்காயோடு நுழைந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து புத்தகத்தைக் கடைக்கு எடுத்துப் போனேன். "மத்தியானம் கஸ்டமர் கம்மியா இருக்கும், அங்கியே படிச்சிக்கிறேன்" என்றேன். கடையில் நான் படித்தது கொஞ்சம்தான். புத்தகம் அவளிடம் இல்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து ரேஷன் கார்டைத் தேடியபோது அவளுடைய பழைய கல்லூரி நோட்டு ஒன்று கையில் கிடைத்தது. பாதிவரை கணிதம். அதற்குப் பின்னால் என் புத்தகத்திலிருந்து எடுத்த குறிப்புகள். நான் குளிக்கப் போகும் நேரத்திலும் கோயிலுக்குப் போகும் நேரத்திலும் பார்த்து எழுதியிருக்கிறாள். தகவல் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பி இன்னொன்றுக்குப் போய்ச் சேரும் ஏழு அடுக்குகளையும் தமிழில், சின்னச் சின்ன வாக்கியங்களாக, அம்புக்குறி போட்டு எழுதியிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து படித்தேன். புத்தகத்தில் மூன்று முறை படித்தும் பிடிபடாத ஒன்று அவளுடைய ஒரே பக்கத்தில் பிடிபட்டது. நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அடுத்தடுத்த நாட்களில் அவள் மளிகைக் கடைக்குப் போன நேரம் பார்த்து மீதியையும் படித்தேன். அவள் குறிப்பில் படித்துத்தான் தேர்வுக்குத் தயாரானேன். அதை அவளிடம் சொல்லவும் இல்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சல் குறையவும் இல்லை. சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி என்றேன். டியூஷன் பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள் என்றேன்.

தேர்வுக்குச் சென்னை போனபோது அவளும் வந்தாள். அவளுடைய அக்கா குரோம்பேட்டையில் இருந்தார். முதல் நாளே போய் அங்கே தங்கி, காலையில் இரண்டு பேருமாகப் பயிற்சி நிலையத்துக்குப் போனோம். வரவேற்பில் இருந்த பெண் அவளையும் தேர்வுக்கு வந்தவள் என்று நினைத்து வினாத்தாளை நீட்டிவிட்டாள். அவள் அதை வாங்காமல் என்னைப் பார்த்தாள்.

"எழுதேன். சும்மாதான ஒக்காந்திருக்கப் போற" என்றேன்.

பெருந்தன்மையாகச் சொன்னது போலத்தான் இருந்தது. உள்ளே இருந்த கணக்கு வேறு. வீட்டில் சமைத்தபடி சொல்வது வேறு, கடிகாரம் ஓட இங்கிலீஷில் எழுதுவது வேறு. இன்றோடு அவளுக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பயிற்சியாளரும், "எழுதட்டும் சார், ஒண்ணும் பிரச்சன இல்ல" என்றார். ஒரு மணி நேரத் தேர்வு. நாற்பது நிமிஷத்தில் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் சரியாக ஓடவில்லை.

மூன்றாம் நாள் கடைக்குப் போன் வந்தது. பயிற்சியாளர்தான்.

"சார், உங்களுக்கு முப்பத்திமூணு. ரெண்டு மார்க்ல போயிடுச்சு. அடுத்த மாசம் மறுபடி எழுதலாம். ஆனா உங்க மிஸஸ் நாப்பத்தெட்டு. இந்த பேட்ச்லயே அவங்கதான் ஃபர்ஸ்ட். பத்து நாள்ல கிளாஸ். ஒரு சீட் இருக்கு. அவங்க வர்றாங்களானு சனிக்கெழமைக்குள்ள சொல்லிடுங்க."

"சொல்றேன் சார்" என்று வைத்தேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் கதவருகிலேயே, "போன் வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு. ரெண்டு பேருக்கும் இல்ல."

யோசித்து வைத்த பொய் இல்லை அது. தானாக வந்தது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்ததைப் பார்த்தேன். "எத்தினி மார்க்குனு சொன்னாங்களா?" என்றாள். சொல்லவில்லை என்றேன். "சரி விடுங்க. நீங்க அடுத்த வாட்டி எழுதிக்கலாம்" என்று எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தச் சொம்பை வாங்கிக் குடித்தேன் என்பதை இன்றைக்கும் என்னால் லேசாக நினைக்க முடியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். அதுவரை ஒரு நாளும் வந்ததில்லை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். நான் ஒரு லாட்ஜுக்காகக் கேபிள் முனைகளை நெறித்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சென்னைக்கு போன் பண்ணேன்" என்றாள்.

கையில் இருந்ததைக் கீழே வைத்தேன்.

"எதெல்லாம் தப்பா எழுதிட்டேன்னு தெரிஞ்சிக்கலாம்னு பண்ணேன். ரெண்டுதான் தப்பாம். எப்போ வந்து சேர்றீங்கனு அவரு கேக்கறாரு."

மேஜையில் சிதறிக் கிடந்த கம்பித் துண்டுகளைக் கூட்டி ஒதுக்கினேன்.

"எதுக்குங்க அப்டி சொன்னீங்க?"

செலவு, அக்கா வீட்டில் எத்தனை நாள் தங்குவது, ஊரில் என்ன பேசுவார்கள் என்று சொல்வதற்கு எத்தனையோ காரணங்கள் இருந்தன. எதுவும் வாயில் வரவில்லை. "பொறாமையா இருந்துச்சு" என்றேன். ஓர் ஆண் பெண்டாட்டியிடம் சொல்லக்கூடிய வார்த்தையாக அது எனக்குத் தோன்றியதே இல்லை. சொன்னபோது காது சூடாயிற்று.

அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"உங்களுக்கு மட்டும்தான் பொறாமை வருமா? கல்யாணமாகி வந்த நாள்லருந்து எனக்கு இருக்குது. காலையில பைய மாட்டினு கெளம்பறீங்க. அந்த லாட்ஜு, இந்த சென்டருனு போறீங்க. அந்த மிஷினயெல்லாம் தொறந்து பாக்கறீங்க. நான் அதெல்லாம் புக்குல படமா பாத்ததோட சரி. உங்க பையில இருக்கற சாமானயெல்லாம் நீங்க தூங்கறப்ப எடுத்துப் பாத்திருக்கேன். எது எதுக்குனு கேட்டா ஒரு நாள் சொல்லியிருப்பீங்களா?"

கேட்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் இரண்டு மூன்று முறை. "உனக்கு எதுக்கு அது" என்று நான் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நான் போறேன். நீங்க வேணாம்னாலும் போறேன்" என்றாள். "வேணாம்னு சொல்லப் போறீங்களா?"

"இல்ல" என்றேன்.

நெறிக்கும் கருவியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இத எப்டி புடிக்கணும்?" என்றாள். குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது.

சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அங்கிருந்தே போன் செய்து சேர்வதாகச் சொன்னாள். ஒருவருக்குத்தான் எங்களால் பணம் கட்ட முடியும், அது எனக்காக வைத்திருந்தது. எனக்கு இரண்டு மார்க் போனது ஒருவிதத்தில் யார் போவது என்ற பேச்சையே இல்லாமல் ஆக்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கம் ரோட்டில் நான் பராமரித்துக்கொண்டிருந்த ஒரு பிரௌசிங் சென்டருக்கு அவளைக் கூட்டிப்போனேன். கடை திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகச் சாவி வாங்கி வைத்திருந்தேன். பத்துக் கம்ப்யூட்டர்களின் கேபிள்களும் வந்து சேரும் பெட்டியைக் கழற்றிக் காட்டினேன். எட்டுக் கம்பிகளையும் வரிசைப்படுத்தச் சொன்னேன். முதல் கேபிள் வேலை செய்யவில்லை. இரண்டாவதும் செய்யவில்லை. பச்சையையும் நீலத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தாள். எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது கேபிளைச் செருகியதும் பெட்டியில் விளக்கு பச்சையாக எரிந்தது. அவள் உடனே நான்காவதை எடுத்தாள்.

அதற்கப்புறம் நாற்பது கேபிளாவது நெறித்திருப்பாள். புறப்படும்வரை தினமும் காலையில் நான் கேள்வி கேட்டேன், அவள் பதில் சொன்னாள். காய் நறுக்கியது நான்.

பன்னிரண்டு நாளும் அக்கா வீட்டிலிருந்து கடைக்குப் போன் செய்வாள். இன்றைக்கு இரண்டு ரூட்டர்களைப் பேச வைத்தோம், இன்றைக்கு ஒரு இணைப்பை அறுத்துவிட்டு வேறு வழியில் போக வைத்தோம் என்று மூச்சுவிடாமல் சொல்வாள். எட்டுப் பேரில் அவள் ஒருத்திதான் பெண். "கூட இருக்கற பையன் என்ஜினீயருங்க. என்கிட்ட சந்தேகம் கேக்கறாரு" என்றாள் ஒருநாள். அன்றைக்கு ஒரு புதிய வகைப் பொறாமை வந்து சேர்ந்தது. "சாப்டியா" என்று மட்டும் கேட்டேன்.

பதின்மூன்றாம் நாள் பரீட்சையில் தேறினாள். அவளைக் கூட்டிவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அன்று பௌர்ணமி. வந்த பஸ்ஸெல்லாம் கிரிவலக் கூட்டம். அவள் ஒரு கையில் பையும் மறு கையில் பைல் ஒன்றுமாக, நசுங்கி இறங்கினாள். பைலை என்னிடம் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டு விளக்கு வெளிச்சத்தில் நின்றபடியே அந்த மதிப்பெண் தாளை முழுக்கப் படித்தேன். ஒவ்வொரு பிரிவிலும் எவ்வளவு என்று போட்டிருந்தது. எதிலாவது குறைவாக இருக்கிறதா என்று என் கண் தானாகத் தேடியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"கேபிள்ல நூத்துக்கு நூறு" என்றாள். "அது உங்களுது."

சென்னையில் ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. இரண்டு மாதத்தில் நாங்கள் வேங்கிக்கால் வீட்டைக் காலி செய்தோம். நான் அந்த நுழைவுத் தேர்வை மறுபடி எழுதி முப்பத்தேழு எடுத்தேன். வகுப்பில் உட்கார்ந்தேன். பரீட்சையில் முதல் தடவை தோற்று, இரண்டாவது தடவை தேறினேன். சொல்லிக்கொள்ளும்படியான வேலை எனக்கும் அமைந்தது. அவளுடைய வேலை எப்போதும் என்னுடையதைவிட இரண்டு படி மேலே இருந்தது. ஊருக்குப் போனால் பெண்டாட்டி எங்கே வேலை பார்க்கிறாள் என்றுதான் முதலில் கேட்பார்கள். பதில் சொல்லிப் பழகிவிட்டேன். கசப்பு வார்த்தையில் வராமல் பார்த்துக்கொள்ளவும் பழகிவிட்டேன்.

சில வருஷம் கழித்து, அவள் அலுவலகத்தில் புதிதாக ஆள் எடுப்பதற்கு வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு அவளிடம் வந்தது. ஒரு சனிக்கிழமை முப்பது கேள்விகளை அச்செடுத்துக் கொண்டுவந்து, "ஒரு வாட்டி பாத்து சொல்லுங்க" என்று என்னிடம் கொடுத்தாள். பத்தொன்பதாவது கேள்வியில் கொடுத்திருந்த நான்கு விடைகளில் இரண்டு சரியாக இருந்தன. அவள் அவசரத்தில் கவனிக்கவில்லை. நான் அதை மூன்று முறை சரிபார்த்தேன். தாளை மடித்து வைத்துவிட்டு, டீ போட்டு, பால்கனியில் நின்று மெதுவாகக் குடித்தேன். அந்த டீ நன்றாக இருந்தது. குடித்து முடித்த பிறகு உள்ளே போய் அவளிடம் காட்டினேன்.

"ஐயோ, ஆமா" என்று தலையில் தட்டிக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "எவ்ளோ நேரம் ஆச்சு கண்டுபுடிச்சு?"

"ஒரு டீ குடிக்கற நேரம்" என்றேன்.

சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து அந்தக் கேள்வியை அடித்தாள்.